திட்டம் யாருக்குத் தெரிய வேண்டும்?

கேள்வி: கூடங்குளத்தில் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று கலெக்டர் அலுவலகத்தில் திட்டம் இருக்கிறது. அதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னால் வீண் பீதிதானே கிளம்பும்? அதிகாரிகளிடமே விட்டுவிடலாமே?
- வாசகர், வள்ளியூர்

பதில்: விடக் கூடாது. அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரத் திட்டப் பகுதி. இடிந்தகரை, இராதாபுரம் மட்டுமல்ல, குமரி மாவட்டத்தின் கிழக்கோரமும் அதற்குள் வருகிறது. நிலையத்துக்கு வெளியே நடக்க வேண்டியதற்கெல்லாம் கலெக்டர்தான் பொறுப்பு, சரி. ஆனால் கதவு சன்னலைச் சாத்துவதும், அயோடின் மாத்திரையை விழுங்குவதும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதும் ஊர்ச் சனம்தானே?

அந்த மாத்திரையையே பாருங்கள். விபத்தில் வெளியாகும் கதிரியக்க அயோடின் உடம்புக்குள் போவதற்குச் சற்று முன்போ, போன சில மணி நேரத்துக்குள்ளோ போட்டால்தான் அது உதவும். மறுநாள் கொடுத்துப் பெரிய பயனில்லை. அதுவும் தைராய்டை மட்டுமே காக்கும். இது தெரியாததால்தான் 2011இல் ஜப்பானின் புகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்ததும் சீனாவில் சனங்கள் அயோடின் உப்பு காப்பாற்றும் என்று நம்பிக் கடைகளை மொய்த்தார்கள். பீதியைக் கிளப்பியது தகவல் அல்ல, அரைகுறைத் தகவல்.

அதே விபத்தில், அந்த நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த நமியே ஊர்க்காரர்கள் தப்பித்துப் போய்த் தங்கிய சுஷிமா பக்கமே காற்றும் கதிரியக்கத்தைக் கொண்டுபோனது. காற்றின் போக்கைக் கணித்த விவரம் அரசாங்கத்திடம் இருந்தது, ஊருக்கு வந்து சேரவில்லை. மிஹாரு என்ற சிறிய நகரமோ மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் மார்ச் 15ஆம் தேதி தானே மாத்திரையைக் கொடுத்துவிட்டது.

நம் கடற்கரையில் காற்றைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கச்சான் (மேல்காற்று) அடிக்கும்போது கிழக்கே உவரிப் பக்கமும், கொண்டல் (கீழ்காற்று) அடிக்கும்போது மேற்கே குமரிப் பக்கமும் ஓடக் கூடாது என்று சொன்னால் கடலுக்குப் போகிறவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அவர்களைக் கலக்காமல் பஸ் போகும் வழியை வகுப்பது என்ன திட்டம்?

நிலையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அவ்வப்போது ஒத்திகை நடத்த வேண்டும் என்று கூடங்குளம் வழக்கின் 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஏதோ ஒரு கிராமத்தில் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு அது நிற்கக் கூடாது. மாத்திரை எந்த இடத்தில் இருக்கிறது, யார் கொண்டுவந்து தருவார், கரண்ட் போனால் அறிவிப்பு எப்படி வரும், படுக்கையில் கிடக்கும் பெரியவர்களை யார் தூக்குவார் என்று ஒவ்வொரு கிராமசபையிலும் கேளுங்கள். அந்த 16 கிலோமீட்டருக்கு வெளியே இருக்கும் உங்கள் வள்ளியூரிலும் ஒரு கேள்வி உண்டு: வருகிறவர்களை எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பீர்கள்?