மெலிந்த பின்னல் மறுபடியும் தடிக்குமா?

கேள்வி: எனக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள். போன வருடம் அக்டோபர் கடைசியில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பொங்கல் சமயத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. இப்போது ஜூலை. கொட்டுவது குறைந்துவிட்டது, ஆனால் கைகொள்ளாத பின்னல் இருந்த இடத்தில் எலிவால்தான் மிச்சம். நடுவகிடும் அகலமாகத் தெரிகிறது. அம்மாவுக்கும் உச்சியில் முடி கம்மி. எனக்கு மாதவிடாய் எப்போதுமே ஏழெட்டு நாள் அதிகமாகப் போகும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4, ஃபெர்ரிட்டின் 9, தைராய்டு நார்மல். பயோட்டின் 10 மி.கி. மாத்திரை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். மருந்துக்கடையில் கேட்டு மினாக்ஸிடில் வாங்கித் தடவினேன். மூன்றே வாரத்தில் இன்னும் கொட்டியது, பயந்து நிறுத்திவிட்டேன். மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் மாமியார். பழைய அடர்த்தி திரும்புமா? நவம்பரில் தம்பி கல்யாணம் வேறு வருகிறது.

பதில்:

சகோதரிக்கு,

திரும்பும். போனதில் பெரும்பகுதி தானாகவே திரும்பும். மீதிக்கு மருந்து வேண்டியிருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் முடியைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 ஆவது இருக்க வேண்டும். ஃபெர்ரிட்டின் என்பது உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்புச்சத்தின் அளவு. அது 15-க்குக் கீழே போனாலே பற்றாக்குறை. உங்களுக்கு 9. மாதாமாதம் ஏழெட்டு நாள் அதிகமாக ரத்தம் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்க வேண்டும். "எனக்கு எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லிப் பல வருடம் பொறுத்துக்கொள்ளும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கலாம், ஹார்மோன் குழப்பம் இருக்கலாம். இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. முடிக்காக என்னைப் போன்ற தோல் மருத்துவரைத் தேடிப் போவதற்கு முன்னால், இந்த மாதமே மகளிர் மருத்துவரைப் பார்த்து ஒரு ஸ்கேன் எடுங்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மதியத்துக்கு மேல் சோர்ந்துவிடுகிறீர்களா? அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இரும்பு மாத்திரையை அவர் எழுதித் தருவார். அதைக் காபி, டீ, பாலோடு சேர்க்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சை ஜூஸோடு குடித்தால் நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். மலச்சிக்கலோ வயிற்றெரிச்சலோ இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடும் முறையும் உண்டு, பலருக்கு அது ஒத்துக்கொள்கிறது. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். முடிக்காக என்றால் ஃபெர்ரிட்டின் 40-க்கு மேல் வருவதை நாங்கள் விரும்புவோம். முருங்கைக்கீரையும் சுண்டலும் நல்லவைதான், தினமும் சாப்பிடுங்கள். ஆனால் 9-இல் இருப்பதைக் கீரையால் மட்டும் ஏற்ற முடியாது.

தைராய்டு நார்மல் என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் இன்னும் நம்பவில்லை. காரணம் பயோட்டின் என்ற அந்த வைட்டமின். ஒரு நாளைக்கு நம் உடம்புக்குத் தேவை சுமார் 30 மைக்ரோகிராம். நீங்கள் சாப்பிடும் 10 மி.கி. அதைப்போல 300 மடங்குக்கு மேல். அவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வகக் கருவிகளில் தைராய்டு முடிவு தப்பாக வரும். குறைபாடு இருந்தும் நார்மல் போலக் காட்டக்கூடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையையே அது குழப்பும் என்று 2017-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது. பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. ஆகவே மாத்திரையை நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து டி.எஸ்.எச். (தைராய்டுக்கான சோதனை), ஃபெர்ரிட்டின் இரண்டையும் திரும்ப எடுங்கள்.

சரி, முடிக்கு வருகிறேன். உங்கள் தலையில் இரண்டு வேறு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்திருப்பதாகத் தெரிகிறது.

முதலாவது டெங்குவால் வந்தது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், அப்புறம் இரண்டு மூன்று மாதம் ஓய்வில் இருந்து உதிரும். அதே வேரிலிருந்து அடுத்தது முளைக்கும். எல்லாம் ஒரே நாளில் ஓய்வுக்குப் போவதில்லை என்பதால்தான் தினமும் 50 முதல் 100 முடி உதிர்ந்தும் நமக்குத் தெரிவதில்லை. கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது என்று ஏதாவது நடந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை கொட்டுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அக்டோபர் காய்ச்சலுக்குப் பொங்கலில் கொட்டியது இப்படித்தான். இடையில் மாற்றிய ஷாம்புவும், வீடு மாறியதால் வந்த போர் தண்ணீரும் அநியாயமாகப் பழியைச் சுமப்பது வழக்கம். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் உடைய வைக்கும், வேரைத் தொடாது.

இந்த வகைக் கொட்டலில் வேர் சாவதில்லை. நெற்றி ஓரத்திலும் வகிட்டின் இரு பக்கமும் கண்ணாடியில் பாருங்கள்: விரல் நீளத்துக்குக் குட்டி முடிகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கின்றனவா? நுனி கூர்மையாக இருந்தால் அது புதிதாக முளைத்தது. வெட்டினாற்போல மொட்டையாக இருந்தால் உடைந்தது. புதியவை நிறையத் தெரிந்தால் பாதிக் கவலையை விட்டுவிடலாம்.

அப்படியென்றால் பின்னல் ஏன் இன்னும் எலிவாலாக இருக்கிறது? முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். மார்ச்சில் முளைத்தது இன்று நான்கு விரற்கடை கூட இருக்காது. அது பின்னலுக்குள் வரவே இல்லை. இடுப்பு வரை பின்னல் வைத்திருந்த பெண்ணுக்கு அந்த நுனி பழையபடி தடிக்க நாலைந்து வருடம் ஆகும். எனவே நுனியைப் பிடித்துப் பார்த்து அழாதீர்கள். பின்னலின் அடியில், கழுத்துக்கு மேலே, ரப்பர் பேண்ட் எத்தனை சுற்றுப் போகிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். வகிட்டை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பது மனத்தைக் கெடுக்குமே தவிர எதையும் காட்டாது. சீப்பில் வரும் முடியை எண்ணுவதையும் விட்டுவிடலாம்.

இரண்டாவது, அந்த அகலமான வகிடு. அம்மாவுக்கும் உச்சியில் கம்மி என்றதால் பரம்பரை மெலிவின் ஆரம்பமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். இதில் முடி கொத்தாகக் கொட்டாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே வேரிலிருந்து முன்னதைவிடச் சன்னமான, குட்டையான முடி வரும். ஆண்களுக்குப் போல நெற்றி ஏறாது. முன்கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலும். பெரும்பாலும் பல வருடமாக மெல்ல நடந்துகொண்டிருப்பதை ஒரு காய்ச்சல் திடீரென்று வெளியே காட்டிவிடும். தோல் மருத்துவர் ஒரு சிறு லென்ஸ் கருவியை வைத்துப் பார்த்தால், தடித்ததும் மெல்லியதுமாக முடிகள் கலந்திருப்பது தெரிந்துவிடும். வலி கிடையாது, சில நிமிட வேலை. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் இருந்தால் பி.சி.ஓ.டி.யும் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னதில் அந்த அடையாளம் இல்லை.

முதலாவது தானாக ஆறும். இரண்டாவது தானாக ஆறாது. மினாக்ஸிடிலின் வேலை இந்த இரண்டாவதில்தான்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து அது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்வதைப் பார்த்த பிறகு தலைக்குத் தடவும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் ஆண்களுக்கும் 1991-இல் பெண்களுக்கும் அனுமதி கிடைத்தது. மூன்று வாரத்தில் கொட்டியது என்றீர்களே, அது மருந்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். ஓய்வில் தொங்கிக்கொண்டிருக்கும் பழைய முடியைத் தள்ளிவிட்டுத்தான் புதியது கிளம்புகிறது. விழும் பல்லை அடியிலிருந்து புதுப் பல் தள்ளுவது போல. இந்தக் கொட்டல் ஆறேழு வாரத்தில் அடங்கிவிடும். மருந்துக்கடையில் இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருக்க மாட்டீர்கள்.

மறுபடி தொடங்கலாம், ஆனால் லென்ஸ் பரிசோதனைக்குப் பிறகு. பெண்களுக்கு 2 சதவீதம் தினம் இரு வேளை, அல்லது 5 சதவீதம் ஒரு வேளை. ஈரமில்லாத, எண்ணெய் இல்லாத மண்டைத்தோலில் வகிடு வகிடாகப் பிரித்து 1 மி.லி.யைத் தோலில் படும்படி விட வேண்டும். முடியில் வழிந்தால் வீண். கையை நன்றாகக் கழுவுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் தலையணை வழியாக முகத்தில் பட்டுக் கன்னத்தில் பூனைமுடி வளரும். பலன் தெரிய 4 முதல் 6 மாதம், முழுசாகத் தெரிய ஒரு வருடம். நிறுத்தினால் சில மாதத்தில் கிடைத்தது போய்விடும். நீண்ட காலத்துக்கான மருந்து என்று தெரிந்தே தொடங்குங்கள். கர்ப்பத்துக்கு முயல்பவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் தொடக்கூடாது. இதய நோய் இருந்தால் கேட்காமல் தொடங்கக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் அது நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பூனைக்கு இது விஷம். இதையே குறைந்த அளவு மாத்திரையாகவும் இப்போது தருகிறோம். தடவ முடியாதவர்களுக்கு வசதி, ஆனால் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும்.

வீட்டில் யாராவது ஆண் வழுக்கைக்காக ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிட்டால் அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்ணுக்கு அது ஆகாது; கருவில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கும். பி.ஆர்.பி. ஊசி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தை மண்டைத்தோலில் போடுவது) சிலருக்கு ஓரளவு உதவுகிறது, செலவு அதிகம், உங்களுக்கு இப்போது அவசியம் இல்லை. முடி நடுதலும் வேண்டாம்: கொட்டல் அடங்காத, காரணங்கள் சரியாகாத தலையில் யாராவது நடலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கரைவதைக் குறைக்கிறது. அதனால் உடைவது குறையும், பளபளப்பு வரும். வேரில் புது முடி முளைக்க வைக்காது. குளிப்பதற்கு முந்தைய இரவு முடியின் நீளத்தில் தடவுங்கள், மினாக்ஸிடில் போடும் நாளில் மண்டைத்தோலில் வேண்டாம். கொட்டுகிறதே என்று பயந்து தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். விழ வேண்டிய முடி எப்படியும் விழும். நான்கு நாள் சேர்த்து வைத்துக் குளித்தால் நான்கு நாள் முடியும் ஒரே நேரத்தில் கையோடு வந்து பயமுறுத்தும்.

மாமியார் சொல்லும் மொட்டை: சாமிக்கு நேர்ந்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடர்த்திக்காக வேண்டாம். கத்தி படுவது தோலுக்கு மேலே, வேர் இருப்பது உள்ளே. மழித்த பிறகு வரும் முடியின் நுனி தட்டையாக இருப்பதால் தடவிப் பார்க்கத் தடிப்பாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. காலையில் இட்லி, மதியம் குழம்பு சாதம், ராத்திரி தோசை என்று போகும் வீடுகளில் புரதம்தான் குறைகிறது, அதிலும் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாக்களுக்கு. முடி என்பது புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. தினம் இரண்டு முட்டை, அல்லது சுண்டலும் கெட்டித் தயிரும் என்று உங்கள் தட்டில் முதலில் வையுங்கள்.

வட்டமாகச் சொட்டை விழுந்தால் (புழுவெட்டு), அல்லது மண்டையில் எரிச்சல், சிவப்பு, தோல் வழவழவென்று மின்னுவது தெரிந்தால் இங்கே எழுதியது எதுவும் பொருந்தாது. எரிச்சலும் மின்னலுமாக வரும் வகையில் வேரே தழும்பாகிவிடும், போனது திரும்பாது. அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கல்யாணம். நவம்பருக்குள் வகிட்டின் ஓரத்தில் புது முடி 8 செ.மீ. அளவுக்கு வந்திருக்கும், முன்பக்கம் நிறைந்து தெரியும். பின்னல் தடித்திருக்காது. நுனியில் மெலிந்த பகுதியை இப்போதே ஒரு சாண் வெட்டிவிட்டால் மிச்சம் அடர்த்தியாகத் தோன்றும், உங்களுக்கு மனசு இருந்தால். சவுரி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. கனம் குறைந்ததாக எடுங்கள், உச்சியில் இறுக்கிக் கட்டாமல் கழுத்தருகே தளர்வாகச் சேருங்கள், முகூர்த்தம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இறுகக் கட்டி நாள்கணக்கில் இழுபட்டால் நெற்றியோர வேர்கள் பாதிக்கப்படும். இரும்பு மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகும்போது அக்டோபர் கடைசி வந்திருக்கும். கல்யாண வேலையில் விட்டுப்போகாமல் அப்போது ஹீமோகுளோபினும் ஃபெர்ரிட்டினும் மறுபடி எடுத்து, முடிவை மகளிர் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.