பெயின்ட் அடித்த எழுத்து ஏன் கழன்று விழுகிறது?

கேள்வி: வீட்டுப் பெயர்ப்பலகைக்கு 1.6 மி.மீ. இரும்புத் தகட்டில் எழுத்து வெட்டி, எனாமல் அடித்து, பின்பலகையில் எபாக்சி பசையால் ஒட்டினேன். ஒரே கோடையில் இரண்டு எழுத்து விழுந்துவிட்டது. வெல்டிங் வைக்கலாமா?

பதில்: விழுந்த எழுத்தின் முதுகைப் பாருங்கள், காய்ந்த பசையோடு பெயின்ட்டும் தோலாக உரிந்திருக்கும். பசை பிடித்திருந்தது பெயின்ட்டை, இரும்பை அல்ல. பெயின்ட் அடித்தபின் வெல்டிங் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் கருகி, அங்கிருந்தே துரு பிடிக்கும்.

பெயின்ட்டுக்கு முன்பே எழுத்தின் பின்னால் எம்4 ஸ்டட் (4 மி.மீ. மரை போட்ட கம்பித் துண்டு) இரண்டு பற்றவையுங்கள். ஒன்று மட்டும் என்றால் எழுத்து சுழலும். மரையில் மாஸ்கிங் டேப் சுற்றிவிட்டு பெயின்ட் அடியுங்கள். பின்பலகையில் 5 மி.மீ. துளை போட்டு, அதன் உள்விளிம்பிலும் பிரைமர் தொட்டு வையுங்கள். பலரும் விடுவது இதைத்தான். எழுத்துக்கும் பலகைக்கும் இடையில் 10 மி.மீ. நைலான் ஸ்பேசர் (இடைவெளி தரும் குழாய்த் துண்டு), பின்பக்கம் நைலான் வாஷர், நைலாக் நட் (தானாகக் கழலாத நட்). இந்த இடைவெளியில் மழைநீர் தங்காது, எழுத்தின் நிழலும் அழகாக விழும். ஸ்பேசர் ஆடாத அளவு முடுக்கினால் போதும். மேலும் இறுக்கினால் பெயின்ட் நசுங்கி வெடிக்கும்.

வீட்டுக்குள் மாட்டும் சின்னப் பலகைக்கு அக்ரிலிக் ஃபோம் டேப் (இருபக்கமும் ஒட்டும் டேப்) போதும். எனாமல் ஒரு வாரமாவது காயட்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, 72 மணி நேரம் பலகையைப் படுக்கவைத்தே வையுங்கள்.