"வெறும்" தவுல்காரர்

கேள்வி: எனக்கு 21 வயது. கும்பகோணம் பக்கம் கிராமம். பி.காம். முடித்திருக்கிறேன், பத்து வருஷமாகப் பாட்டு கற்றுக்கொள்கிறேன். எம்.ஏ. இசை சேர்ந்து, அப்புறம் இன இசையியலில் ஆராய்ச்சி செய்ய ஆசை. அப்பா கூடவே கூடாது என்கிறார். அவர் வெறும் தவுல்காரர், இந்தப் படிப்பெல்லாம் அவருக்குப் புரியாது. முன்பு கோயிலில் வாசித்தார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் ராத்திரி வாட்ச்மேன். அவருக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டுவிட்டேன். எப்படிப் பேசிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: ஒளித்து விண்ணப்பம் போட்டது தப்பு. இன்றைக்கே சொல்லிவிடு. திட்டினால் வாங்கிக்கொள்.

என் கண்ணில் குத்தியது வேறு. "வெறும் தவுல்காரர்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். நீ எந்தப் படிப்புக்குப் போகிறாய்? ஏட்டில் ஏறாமல் கையிலும் காதிலும் மட்டும் இருக்கிற இசையை, வாசிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுகிற படிப்பு அது. அந்தத் துறையின் பெயரை 1950ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த டச்சுக்காரர் யாப் குன்ஸ்ட், ஜாவாவில் பல வருஷம் தங்கி, காமெலான் என்கிற அந்த ஊர் வாத்தியக் குழு இசையை ஆராய்ந்தவர். அவர் கடல் தாண்டிப் போய்த் தேடியதைப் போன்ற ஒன்று உன் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. நீ அதைத் தாண்டிப் போய் விண்ணப்பம் போட்டிருக்கிறாய்!

சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்கிற நாதஸ்வர-தவுல் உருப்படி. சாமிக்குப் படைக்கிற தளிகை வரும்போது ஒன்று, தேருக்கு வேறொன்று. பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம். கோயிலில் வாசித்தவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இதையே நாளைக்கு ஒரு பேராசிரியர் சொன்னால் பவ்யமாகக் குறித்துக்கொள்வாய். அப்பா சொன்னால் மட்டும் அது அறிவு இல்லையா?

வேலை கிடைக்குமா என்று நீ என்னிடம் கேட்கவே இல்லை. அவர் அதைத்தான் கேட்கிறார். இசையை நம்பினால் என்ன ஆகும் என்று உடம்பால் படித்தவர் அவர். கல்யாணத்துக்குத் தவுலுக்குப் பதிலாகக் கேரளத்துச் செண்டை மேளம் வந்து இறங்கும்போது மண்டப வாசலில் நிற்கிற தவுல்காரரின் மனசு எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது யோசித்தாயா?

அதனால் கணக்கோடு போய்ப் பேசு. கல்லூரி வேலைகள் குறைவு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யூ.ஜி.சி. நெட் தேர்வில் இசை ஒரு பாடம். அதில் ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் வீட்டில் கை நீட்டாமல் ஆராய்ச்சி செய்யலாம். 1982ல் தொடங்கி இப்போது குருகிராமில் இருக்கிற இன இசையியல் ஆவணக் காப்பகம் மாதிரி இடங்களும் உண்டு, விரல்விட்டு எண்ணிவிடலாம். கையில் பி.காம். இருக்கிறதே, எங்காவது பகுதிநேரமாகக் கணக்கு எழுது. பெற்றவர் ராத்திரி கண்விழித்துச் சம்பாதிக்கும் காசில் வயது வந்த பிள்ளை உட்கார்ந்து படிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர். சொந்தக் காசில் வித்வான்களைக் கூட்டி மாநாடு நடத்தி, அவர்களிடம் கேட்டும் வாதாடியும்தான் 1917ல் 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தின வருஷம் பரோடா இசை மாநாட்டில், ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கிற நுண்ணிய சுருதிகளின் கணக்கை அவர் சொன்னபோது, வீணையில் அதை வாசித்துக் காட்டியவர்கள் அவர் வீட்டுப் பெண்கள். ஒரே வீட்டில் ஒருவர் சொல்ல ஒருவர் வாசித்திருக்கிறார்கள். உன் வீட்டில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

பேசிச் சம்மதிக்க வைக்கிற யோசனையை விடு. அவர் வேலை முடிந்து வந்து, தூங்கி எழுந்து, காபி குடிக்கிற நேரத்தில் ஒரு நோட்டோடு பக்கத்தில் உட்கார். எழுதிக்கொள்ளலாமா என்று முதலில் அனுமதி கேள். பின்னால் ஆய்வேடு எழுதும்போது "தகவல் தந்தவர்" என்று அடிக்குறிப்பில் தள்ளாமல், முழுப் பெயரையும் ஊரையும் போடு.

முதல் கேள்வியே மல்லாரியாக வேண்டாம். தவுல் வாசிக்க வலது கை விரல்களில் மாட்டுகிற கூடு எப்படிச் செய்வீர்கள், பசைக்கு எந்த மாவு, எத்தனை சுற்றுத் துணி என்று கேள். வாயால் சொல்ல மாட்டார், விரலை நீட்டிக் காட்டுவார். துணியை நீ சுற்று.