தாத்தா கேமராவுக்கு எந்த ரோல்?

பழைய கேமராவும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை நான் பதில் சொல்கிறேன். காரைக்குடியில் அப்பா நடத்திய ஸ்டூடியோவின் இருட்டறைக்குள் பதினேழு வயதில் போனவள் நான். இன்றும் மாதத்துக்கு நாலைந்து ரோலாவது என் கையால் கழுவுகிறேன்.

தாத்தாவின் ஆக்ஃபா கிளிக் 3 கிடைத்திருக்கிறது. இதற்கு இன்னும் ஃபிலிம் வருகிறதா? 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வேகம், எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்) வாங்கினால் எந்த வெளிச்சத்திலும் எடுக்கலாம் என்கிறார் நண்பர். வாங்கலாமா? (கோவை வாசகர்)

வருகிறது. உங்கள் கேமராவுக்கு வேண்டியது 120 ரோல். 1901ல் கோடக் தன் பிரவுனி பெட்டி கேமராவுக்காகக் கொண்டுவந்த அளவு இது. இன்றுவரை தயாரிப்பு நிற்கவில்லை. பரோடாவில் தயாரான உங்கள் கிளிக் 3ல் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம் விழும்.

ஆனால் 400 வேண்டாம். உங்கள் கேமராவில் ஷட்டர் வேகம் ஒன்றுதான், சுமார் 1/30 செகண்டு. வெயில் குறியில் வைத்தாலும் லென்ஸ் துவாரம் எஃப் 11 அளவுக்குத் திறந்திருக்கும் (இந்த எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்). நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால், ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண் எதுவோ அதுவே ஷட்டர் வேகம் என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு. 100 ஃபிலிம் என்றால் 1/100 செகண்டு. அந்தக் கணக்குப்படி உங்கள் கேமராவில் 100 ஃபிலிம் போட்டாலே இரண்டரை ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக விழுகிறது (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இருமடங்கு). அதைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும். 400 போட்டால் கூடுதல் நான்கு ஸ்டாப்பைத் தாண்டிவிடும். நெகட்டிவ் தார் பூசியது போலக் கறுத்து வரும். அதில் பிரிண்ட் போட நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இந்த மாதிரி கேமராக்கள் பிறந்த காலத்தில் கடையில் கிடைத்த ஃபிலிம்களின் வேகமே குறைவு, அதற்கேற்ப அமைத்திருக்கிறார்கள்.

அதனால் இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் வாங்குங்கள். வேகம் 125. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும் குணம் அதற்கு நிறைய உண்டு. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் செக் நாட்டு ஃபோமாபான் 100 நல்லது. பான் எஃப் 50 என்று ஒன்று இருக்கிறது, வேகம் உங்கள் கேமராவுக்கு இன்னும் பொருந்தும்தான். ஆனால் அது கான்ட்ராஸ்ட் கூடிய ஃபிலிம். நம் ஊர் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி ஒரே வெளுப்பாகவும் முகம் கரியாகவும் போய்விடும். காலை எட்டு மணிக்குள், மாலை நாலரைக்கு மேல் எடுப்பவருக்கு அது சரி. மழைக்காலத்து மூட்டத்தில், மரத்தடி நிழலில் மட்டும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் 400 போடலாம்.

இன்னொன்று சொல்லியாக வேண்டும். கேமராவின் முதுகில் சின்னச் சிவப்புக் கண்ணாடி இருக்கும். அதன் வழியாகத்தான் ஃபிலிமின் பின்தாளில் உள்ள படத்தின் எண்ணைப் பார்ப்போம். பழைய ஆர்த்தோ ஃபிலிம்களுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் சிவப்புக் கண்ணாடி வைத்தார்கள். இன்று விற்கும் ரோல்களில் பெரும்பாலானவை பான்குரோமேட்டிக், அவற்றுக்குச் சிவப்பும் தெரியும். பின்தாள் தடுத்தாலும் அது முழுக் காவல் இல்லை. ஒரு தேரோட்டத்தன்று அப்படி ஒரு கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன். கழுவிப் பார்த்தால் முக்கால்வாசிப் படங்களின் நடுவில் ஒரு மங்கல் வட்டம், ஓரிரண்டில் எண் கூடப் பதிந்திருந்தது. வடம் பிடித்தவர்கள் அத்தனை பேர் முகமும் போயிற்று. அன்றிலிருந்து கண்ணாடி மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு முனையை மடித்து வைத்திருப்பேன். ஃபிலிமை நகர்த்தும்போது மட்டும் நிழலில் நின்று தூக்கிப் பார்த்து, எண் வந்ததும் மூடிவிடுவேன்.

என் பிரவுனி கேமராவில் 120 ரோல் நுழையவே மாட்டேன் என்கிறது. உள்ளே 620 என்று எழுதியிருக்கிறது. அந்த ஃபிலிம் எங்கே கிடைக்கும்? (திருச்சி வாசகி)

கோடக் 1995ல் அதை நிறுத்திவிட்டது. கவலை வேண்டாம், 620ம் 120ம் ஒரே ஃபிலிம், ஒரே அகலம். ஃபிலிமைச் சுற்றியிருக்கும் ஸ்பூல் என்ற உருளைதான் வேறு. 620 ஸ்பூலின் நடுத்தண்டு மெலிசு, இரண்டு பக்க வட்டும் சின்னது. அதனால் 120 ரோலை 620 ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றிவிட்டால் போதும். இரண்டு காலி 620 ஸ்பூல் தேவை.

முழு இருட்டில் செய்ய வேண்டும். கதவிடுக்கில் துணி திணித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து கண் பழகியும் எதுவும் தெரியவில்லை என்றால்தான் அது இருட்டு. 120 ரோலின் காகித ஒட்டைப் பிரித்து, தாளை முதல் 620 ஸ்பூலில் செருகிச் சுற்றுங்கள். சற்று நேரத்தில் தாளுக்கு நடுவே ஃபிலிமின் முனை விரலில் தட்டும். அது ஒட்டாத முனையா, டேப் ஒட்டிய முனையா என்று தடவிப் பாருங்கள். ஃபிலிமின் ஒரு முனைதான் தாளோடு ஒட்டியிருக்கும், முதலில் வருவது அந்த முனை. கடைசிவரை இறுக்கமாகச் சுற்றி முடித்ததும் எல்லாம் தலைகீழாக இருக்கும். ஆகவே இரண்டாவது ஸ்பூலுக்கு இன்னொரு முறை சுற்றினால் ஆரம்பம் வெளியே வந்துவிடும். இந்த இரண்டாவது சுற்றில் டேப் ஒட்டிய இடத்துக்கு வரும்போது ஃபிலிம் தாளைவிடக் கொஞ்சம் நீண்டு, வளைந்து புடைத்துக்கொண்டு நிற்கும். அழுத்தி மடித்துவிடாதீர்கள். டேப்பை மெல்ல உரித்து, ஃபிலிமைத் தட்டையாக நீவி, விழுந்த இடத்தில் திரும்ப ஒட்டுங்கள். வேகமாக உரித்தால் டேப்பில் நீலமாகப் பொறி தெறிக்கும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் வீணான ரோல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் நாலு முறை பழகிக்கொள்ளுங்கள். கழுவக் கொடுக்கும்போது, ஸ்பூலைத் திருப்பித் தர வேண்டும் என்று உறையின் மேல் பெரிதாக எழுதுங்கள். எனக்கு ஒரு கடையில் இரண்டு ஸ்பூல் குப்பைக்குப் போயிருக்கிறது. இன்று அவை ஃபிலிமைவிட அரிய பொருள்.

யாஷிகா மேட் 124ஜி கேமரா வைத்திருக்கிறேன். கோயில் பிராகாரத்தில், ஸ்டாண்டு போட்டு நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்க எந்த ஃபிலிம்? (கும்பகோணம் வாசகர்)

அனுமதி வாங்கிவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஸ்டாண்டு இருக்கும்போது வேகமான ஃபிலிம்தான் வேண்டும் என்றில்லை. மங்கல் வெளிச்சத்தில் நீண்ட நேரம் திறந்து வைக்கும்போது ஃபிலிமின் வேகம் எவ்வளவு சோர்ந்துபோகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. வெளிச்சம் அளக்கும் மீட்டர் 10 செகண்டு காட்டினால் ஃபோமாபான் 100க்கு 80 செகண்டு கொடுக்க வேண்டும். இல்ஃபோர்டின் 400 வேக ஃபிலிமான எச்பி5 பிளஸுக்குச் சுமார் 20 போதும். ஃபூஜியின் ஆக்ரோஸ் 2 இரண்டு நிமிடம்வரை கூடுதல் நேரமே கேட்காது, தூண்களின் கருங்கல் சொரசொரப்பை அப்படியே தரும். எனக்குப் பிடித்தது அதுதான், விலை மட்டும் கை சுடும். கட்டவில்லை என்றால் எச்பி5. ஃபோமாவை வெளிப் பிராகாரத்து வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

124ஜியின் மீட்டர் பாதரச பேட்டரிக்காக அமைத்தது. இப்போது கிடைக்கும் பேட்டரியில் வோல்டேஜ் வேறு, முள் தப்பாகக் காட்டலாம். போனில் உள்ள மீட்டர் செயலியோடு ஒத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வீட்டில் கழுவுகிறேன். சித்திரை மாதம் குழாய்த் தண்ணீரே 32 டிகிரி இருக்கிறது. என்ன செய்வது? (மதுரை வாசகர்)

அப்பா மண்பானைத் தண்ணீர் வைப்பார், நானும் அப்படியே. முதல் நாள் ராத்திரி ஊற்றி வைத்தால் காலையில் 25 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். ஓரிரு ஐஸ் கட்டி போட்ட பாலித்தீன் பையை அதில் மிதக்கவிட்டால் 24க்கு வந்துவிடும். டெவலப்பரை (ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) சமபங்கு தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள். எச்பி5 பிளஸை ஐடி-11 டெவலப்பரில் அப்படிக் கலந்து கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம், 24ல் சுமார் 9 நிமிடம். கலக்காமல் ஊற்றினால் இந்தச் சூட்டில் ஐந்து நிமிடமாகச் சுருங்கும், வானத்தில் திட்டுத் திட்டாக வரும். டெவலப்பர், படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ, கடைசி அலசல் எல்லாம் ஒரே சூட்டில் இருக்கட்டும். ஃபோமாவின் பூச்சு மெத்தென்று இருக்கும், ஈரத்தில் நகம் படக்கூடாது.

பீரோவில் ஊட்டித் தயாரிப்பு ‘இந்து’ (INDU) என்ற பெயர் போட்ட ஃபிலிம் ரோல் ஒன்று, உறை பிரிந்த நிலையில் கிடைத்தது. எடுக்கலாமா? (ஈரோடு வாசகி)

1960ல் மத்திய அரசு ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ரோல் அது. இப்போது ஆலை மூடிவிட்டது. எங்கள் ஸ்டூடியோவில் பள்ளிக்கூட குரூப் போட்டோ எத்தனையோ அந்த ஃபிலிமில் எடுத்ததுதான்.

கேமராவில் போடுவதற்கு முன் அதைச் சுற்றியிருக்கும் காகித ஒட்டைப் பாருங்கள். எடுத்து முடித்த ரோல் என்றால், ஒட்டில் ‘எக்ஸ்போஸ்டு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் உள்ளே உங்கள் வீட்டு யாரோ இருக்கிறார்கள், கேமராவில் போட்டுவிடாதீர்கள். பழைய ஃபிலிம் கழுவித் தெரிந்தவரிடம் கொடுங்கள், பழைய ஃபிலிமில் படியும் மூட்டத்தைக் கம்மியாகத் தரும் டெவலப்பரில் போடச் சொல்லுங்கள். தேதி தெரிந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள். எடுக்காத ரோல் என்றால், நம் ஊர்ச் சூட்டில் இத்தனை வருடம் கிடந்ததற்குப் படம் மங்கலாகத்தான் வரும். கல்யாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ அதை நம்பி எடுக்காதீர்கள்.