திரட்டிய பணம் மாத்திரை நிற்காமலிருக்கச் செலவாகட்டும்

கேள்வி: தொண்டிக்குத் தெற்கே உள்ள கடற்கரைக் கிராமம் எங்களுடையது. எங்கள் ஊரில் மீனவர் ஒருவரின் 9 வயது மகளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ராணுவத்தில் இருந்தபோது வலிப்பு வந்ததால் 1990-களில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெரியவர் ஒருவரும் இதே நோயால் அவதிப்படுகிறார். அவருக்கு ஓய்வூதியம் இல்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 1,20,000 ரூபாய் திரட்டி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு குடும்பத்துக்கும் சரிபாதியாகக் கொடுத்துவிடலாமா?

பதில்: சரிபாதியாகக் கொடுங்கள், ஆனால் ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். மொத்தமாக வரும் பணம் கடற்கரைக் குடும்பத்தில் வலைக்கும் வட்டிக்கும் போய்விடும். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. வலிப்பு நோய்க்கான சிகிச்சையோ பல ஆண்டுகள் நீள்வது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பே வராமல் இருந்த பிறகுதான் மாத்திரையைக் குறைக்கலாமா என்று மருத்துவர் யோசிக்கவே தொடங்குவார். குடும்பத்துக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தால் உங்கள் பணம் ஐந்து ஆண்டுகளுக்கு வரும்.

வலிப்புக்கான அடிப்படை மாத்திரைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும் என்பதால், அந்த 1,000 ரூபாய் ராமநாதபுரம் போய்வரும் பேருந்துச் செலவுக்கும், கூட வருபவர் இழக்கும் ஒரு நாள் கூலிக்கும், இருப்பு இல்லாத மாதத்தில் வெளியே மருந்து வாங்கவும் உதவ வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தொகையைச் சற்றுக் கூட்டியே கொடுங்கள். அப்படியொரு தடைக்காலத்தில் ஒரு தாய் என்னிடம் நீட்டிய மாத்திரை அட்டையை என்னால் மறக்க முடியவில்லை: ஒன்று விட்டு ஒன்றாகப் பிதுக்கப்பட்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்து, பத்து நாள் மருந்தை இருபது நாளுக்கு ஓட்டியிருக்கிறார். மருந்தைத் திடீரென்று குறைத்தால், நினைவு திரும்புவதற்குள் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. உங்கள் கடற்கரைக்கென்று இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும், அட்டையிலிருந்து முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது.

அந்தச் சிறுமிக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் வலிப்பு நோய் தனியே இடம்பெறவில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம். ஆனால் வலிப்போடு அறிவுசார் குறைபாடோ மூளை முடக்குவாதமோ சேர்ந்திருந்தால் அதற்குச் சான்றிதழ் பெறலாம். பெற்றால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தரும் ‘நிராமயா’ என்ற மத்திய அரசுக் காப்பீட்டுக்கும் வழி திறக்கும்.

பெரியவரின் விஷயத்தில்தான் உங்கள் முயற்சி பெரும்பலன் தரக்கூடும். ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸ் படைப்பிரிவில் 1985-இல் சேர்ந்த தரம்வீர் சிங் என்ற சிப்பாய், வலிப்பு நோயால் 20 விழுக்காடு குறைபாடு என்று கூறி 1994-இல் விடுவிக்கப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதியதால் ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2013-இல் அந்த மறுப்பை ஏற்கவில்லை. பணியில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் வந்தால் அது பணியினால் வந்ததாகவே கருதப்பட வேண்டும், இல்லை என்று நிறுவும் பொறுப்பு நிர்வாகத்தைச் சேர்ந்தது என்று ராணுவ ஓய்வூதியத் தகுதிக்கான 1982-ஆம் ஆண்டு விதிகளைக் காட்டித் தீர்ப்பளித்தது. 2023-இல் புதிய விதிகள் வந்திருந்தாலும், உங்கள் பெரியவர் 1990-களிலேயே வெளிவந்தவர் என்பதால் பழைய விதிகளே அவருக்குப் பொருந்தும். ஆகவே அவருடைய பணி விடுவிப்புச் சான்று, மருத்துவக் குழு அறிக்கை ஆகியவற்றுடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முதலில் போங்கள். மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது. வழக்குச் செலவுக்கு வழியில்லையெனில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். ஓய்வூதியம் கிடைத்துவிட்டால் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்திலும் சேர முடியும். பிறகு அவருடைய பங்கையும் சிறுமிக்கே ஒதுக்கிவிடலாம்.

பணம் தேவைப்படாத உதவி ஒன்றும் உண்டு. வலிப்பு வரும்போது கையில் சாவியோ இரும்போ திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் பள்ளி ஆசிரியரும் கரையில் உள்ளவர்களும் அறிந்திருக்கட்டும். சிறுமி கடலில் தனியே குளிக்கக் கூடாது. பெரியவர் தனியாக வள்ளத்தில் போகவும் கூடாது. ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போக வீட்டார் விரும்பினால் தடுக்காதீர்கள். மாத்திரை அட்டையும் கூடவே போகட்டும்.

பெரியவரின் மருத்துவக் குழு அறிக்கையில், நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பு பற்றிய கேள்விக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்குத் தெரிவியுங்கள். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.