சென்னை வெயிலில் முதல் பவளத் தொட்டி

கேள்வி: சென்னையில் இரண்டாம் மாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். பல ஆண்டுகள் தங்கமீன் வளர்த்த இரண்டடித் தொட்டி ஒன்று இப்போது காலியாக இருக்கிறது. அதில் கடல்நீர் நிரப்பிப் பவளங்களும் கோமாளி மீன்களும் வளர்க்க ஆசை. கோவளம் கடற்கரைத் தண்ணீரே போதும், ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் அமைத்துத் தந்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். ராமேஸ்வரத்தில் இருக்கும் நண்பர் பவளக் கற்கள் அனுப்புவதாகச் சொல்கிறார். சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நண்பரிடம் கல் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதை முடியாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்போடு சேர்க்கப்பட்டுள்ளன. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த துண்டுக்கும் இது பொருந்தும். இதற்கான தண்டனை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளம் வெட்டப்பட்டதால், அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று கடல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. எனவே கடலிலிருந்து எடுத்த கல்லை, யார் எங்கிருந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். பீங்கானில் செய்து சுட்ட செயற்கைப் பாறைகள் கடைகளில் கிடைக்கின்றன. நுண்துளைகள் நிறைந்த அத்தகைய பாறை பத்துப் பன்னிரண்டு கிலோ இருந்தால் உங்கள் தொட்டிக்குப் போதும். கடலிலிருந்து எடுத்த கல்லோடு அழையா விருந்தாளிகளாக வரும் நெருப்புப் புழுக்களும் கொள்ளைக்கார நண்டுகளும் இதில் வரமாட்டா என்பது கூடுதல் நன்மை.

அடுத்தது தண்ணீர். கரையோரக் கடல்நீர் நீங்கள் நினைப்பதுபோல ஒரே சீரானதன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகளின் நன்னீர் கலந்து உப்புத்தன்மை வெகுவாக இறங்கிவிடும். நகரத்துக் கழிவும் மீன்பிடிப் படகுகளின் எண்ணெயும் எந்த நாளில் எவ்வளவு கலந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செயற்கைக் கடல் உப்பை நன்னீரில் கரைத்துக்கொள்வதே சரியான வழி. லிட்டருக்கு ஏறத்தாழ 36 கிராம் வீதம் கலந்தால் ஆயிரத்துக்கு 35 என்ற உப்புத்தன்மை, அதாவது 1.025 முதல் 1.026 வரையிலான ஒப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) கிடைக்கும். அளப்பதற்கு, ஒளி விலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். ஆனால் அதை வெறும் நன்னீரால் மட்டும் சரிபார்த்துவிட்டு நம்ப வேண்டாம், 35 அளவுக்கென்றே விற்கும் திரவத்தால் சரிபாருங்கள்.

அந்த நன்னீர் எங்கிருந்து வரும் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் குடிப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. அவற்றுள் பலவற்றில், நீர் சுவையாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சுத்திகரித்த நீரோடு உள்ளே வரும் நீரில் ஒரு பகுதியையோ தாதுக்களையோ மீண்டும் கலக்கும் அமைப்பு இருக்கிறது. நீரில் கரைந்த உப்பு, தாதுக்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் 50 முதல் 100 வரை காட்டும். மனிதருக்கு அது நல்ல நீர். பவளத் தொட்டியிலோ, நாள்தோறும் ஆவியாகும் நீருக்கு ஈடாக இதை ஊற்ற ஊற்ற, ஆவியாகாத சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே சேர்ந்து, பாசிக்கு எருவாகிவிடும். ஆகவே தாது சேர்க்கும் பகுதியைத் தவிர்த்துவிட்டு நேரடி ஆர்.ஓ. நீரை எடுத்து, எஞ்சிய தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசின் நிரப்பிய குழாய் வழியே அதைச் செலுத்துங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டவேண்டும், ஒன்றிரண்டு காட்டத் தொடங்கினால் பிசினை மாற்றவேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் டி.டி.எஸ். ஆயிரத்தைத் தாண்டும் வீடுகளில் பிசின் விரைவில் தீர்ந்துபோகும் என்பதால், தொடக்கத்திலேயே இந்தச் செலவைக் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய தொட்டியை விட்டுவிடுங்கள். நன்னீர் மீன்களுக்கு நோய் வந்தபோது எப்போதாவது தாமிரம் சேர்ந்த மருந்து ஊற்றியிருக்கலாம். மீன் தாங்கும் அளவிலேயே நத்தை, இறால், பவளம் ஆகிய முதுகெலும்பற்ற உயிர்கள் தாமிரத்தால் செத்துவிடும், கண்ணாடியை ஒட்டிய சிலிகோனில் அது தங்கிவிடவும் கூடும். சோதித்துப் பார்ப்பதைவிடப் புதியதாக இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி செய்துகொள்வது நிம்மதி. அதில் ஏறத்தாழ 120 லிட்டர் பிடிக்கும். நீர், பாறை, மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து 200 கிலோவை நெருங்கும் என்பதால், கூடத்தின் நடுவில் வைக்காமல் சுமை தாங்கும் சுவரையோ உத்தரத்தையோ ஒட்டி வையுங்கள். இதைவிடச் சிறிய தொட்டி மலிவு என்று எண்ணவேண்டாம். முப்பது லிட்டர் நீரில் ஒரு செத்த நத்தைகூடப் பேரழிவாகிவிடும்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். இத்துறையின் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை, அவற்றில் முதல் கருவி நீர் சூடாக்கி. நமக்கு அது கடைசிக் கருவி. பவளத் தொட்டி 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கவேண்டும். 30ஐத் தாண்டிச் சில நாள்கள் நீடித்தால், பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். மே மாதத்தில் உங்கள் கூடத்தின் வெப்பநிலையே 34 இருக்கும், அதன்மேல் விளக்கும் மோட்டாரும் தங்கள் பங்குக்குச் சூடேற்றும். ஆதலால் முதலில் நிதி ஒதுக்கவேண்டியது பவளத்துக்கன்று, குளிர்ச்சிக்கு.

நீர்ப்பரப்பின்மேல் வீசும் சிறு மின்விசிறி எளிய வழி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. உங்கள் 120 லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்கச் சுமார் 500 கிலோஜூல் போதும் என்பதால், கணக்கில் இது அற்புதமான கருவி. ஆனால் ஆவியாதலுக்குக் காற்றின் ஈரப்பதம் எல்லை விதிக்கிறது. சென்னைக் கோடையின் புழுக்கத்தில், விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்குவது கடினம். மதுரையிலோ கோவையிலோ இருந்தால் விசிறியை மட்டும் நம்பச் சொல்லியிருக்கலாம், கடலோரத்தில் இருப்பவருக்கு அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏ.சி. அறையில் வைக்கலாமே என்பீர்கள். இரவில் மட்டும் ஏ.சி. ஓடும் அறையில் நீர் பகலில் ஏறி இரவில் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது பவளத்துக்குச் சற்றுச் சூடான நிலையான நீரைத் தாங்குவதைவிடச் சிரமம். எனவே தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் வாங்கிவிடுங்கள். பத்தில் ஒரு குதிரைத்திறன் கொண்டது உங்கள் அளவுக்குப் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அது குளிர்நாட்டு அறைக்கான கணக்கு, ஒரு படி பெரியதாக எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பெட்டிக்குள் அடைத்துவைத்தால் சில்லர் தான் வெளியேற்றிய சூட்டையே மீண்டும் இழுத்துத் திணறும், காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும்.

வெப்பத்தின் மறுபக்கம் உப்பு. நாளுக்கு மூன்று லிட்டர் ஆவியானால் உப்பு அப்படியே தங்கிவிட, 35 இருந்த அளவு ஒரே நாளில் 36ஐ நெருங்கும். இழந்ததை உப்புநீரால் நிரப்புவது தொடக்கநிலையாளர் பலரும் செய்வது, அது நிலைமையை மேலும் கெடுக்கும். நன்னீரை மட்டும் ஊற்றவேண்டும். மட்டம் குறைந்தவுடன் தானாக நன்னீர் சேர்க்கும் சிறு கருவி கிடைக்கிறது, முதல் நாளிலிருந்தே அதைப் பொருத்திவிடுங்கள்.

மின்தடையையும் இப்போதே யோசியுங்கள். 2016 வர்தா புயலிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நீரோட்டம் நின்றால், சூடான நீரில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நீரோட்ட மோட்டார் ஒன்றை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் காற்றுக் குமிழி மோட்டார் ஒன்றையும் கைவசம் வைத்திருங்கள். தொட்டிக்கான மின்னிணைப்பு முழுவதும் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வரவேண்டும். வயர்கள் பிளக்கை அடையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால், வழியும் உப்புநீர் பிளக்குக்குள் போகாது.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொட்டி நீரைப்போல் இருபது மடங்கு ஒரு மணி நேரத்தில் சுழலவேண்டும், எனவே 2,400 லிட்டர் திறன் கொண்ட நீரோட்ட மோட்டார் (வேவ்மேக்கர்) தேவை. புரதக் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரைத் தொட்டியைவிடப் பெரிய அளவுக்கானதாக வாங்குங்கள். விளக்கில் சிக்கனம் காட்டலாம்: தொடக்கத்தில் நீங்கள் வைக்கப்போகும் மென்பவளங்களுக்கு நடுத்தர விலை நீல-வெள்ளை எல்.இ.டி. போதும், அதையும் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்குமேல் எரிக்கவேண்டாம். அடியில் கடலுக்குரிய அரகோனைட் மணல் இரண்டு சென்டிமீட்டர் போதும், கடற்கரை மணல் வேண்டாம்.

ஒரு வாரத்தில் எல்லாம் தயார் என்பதற்கு வருவோம். கருவிகளைப் பொருத்த ஒரு வாரம் போதும்தான், ஆனால் தொட்டிக்கு உயிர் வர அது போதாது. மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தங்கமீன் தொட்டியில் இதைக் கவனிக்காமல் தப்பித்திருப்பீர்கள். காரகாடித்தன்மை (pH) 8.2 உள்ள கடல்நீரிலோ, அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு 7 உள்ள நன்னீரைவிடப் பத்து மடங்குக்கும் மேல். உப்புநீரில் பாறையை வைத்து, மோட்டார்களை ஓடவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, அம்மோனியம் குளோரைடு கரைசலை மில்லியனுக்கு இரண்டு பங்கு அளவில் சேருங்கள். புட்டியில் விற்கும் பாக்டீரியா இதை ஓரளவு விரைவுபடுத்தும், ஆனால் அதை நம்பிச் சோதனையைக் கைவிடக்கூடாது. ஒருநாள் சேர்த்த அம்மோனியா மறுநாள் சோதனையில் அம்மோனியாவாகவோ நைட்ரைட்டாகவோ தென்படாமல் போனால்தான் தொட்டி தயார். மீனை உள்ளே விட்டு, அதன் கழிவால் இதைத் தொடங்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது மீனுக்குச் செய்யும் கொடுமை.

இரண்டாம் மூன்றாம் மாதங்களில் பாறையும் மணலும் பழுப்பு நிறப் படலத்தால் மூடும், அதைத் தொடர்ந்து பச்சை முடிப் பாசி வரும். பலர் இந்தக் கட்டத்தில் மருந்து ஊற்றித் தொட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பாறையில் இடம்பிடிக்கப் பலவகை உயிர்கள் போட்டியிடும் காலம் இது. நத்தைகளை விட்டு, தீவனத்தைக் குறைத்து, கையால் பிடுங்கியெறிந்து பொறுத்திருந்தால் தானே அடங்கும்.

மீன்களில் கோமாளி மீன் நல்ல தேர்வு, அதுவும் குஞ்சுப் பண்ணையில் பிறந்ததாக இருக்கட்டும். மண்டபம், விழிஞ்சம் ஆகிய இடங்களில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்களும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளன. பண்ணைக் குஞ்சு தூள் தீவனத்தை உடனே உண்ணும். சிறியதாக இரண்டு வாங்கினால் போதும், இணை தேடவேண்டியதில்லை: இம்மீன்கள் எல்லாம் ஆண்களாகவே வளர்ந்து, இரண்டில் பெரியது பின்னர் பெண்ணாகிவிடும். கோமாளி மீன் கடலில் அடைக்கலம் புகும் கடல் சாமந்தியை (அனிமோன்) இப்போது வாங்காதீர்கள். கோமாளி மீனுக்கு அது இல்லாமலே வாழத் தெரியும், சாமந்திக்கோ ஓராண்டாவது முதிர்ந்த தொட்டி வேண்டும். நீல டாங் மீன் ஓரடிக்கு வளரும், மாண்டரின் மீன் உயிருள்ள நுண்ணிறால்களைத் தவிர வேறொன்றும் உண்ணாமல் பட்டினி கிடக்கும், கடல் குதிரை சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. கடைக்காரர் காட்டினாலும் இம்மூன்றையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எந்த மீனையும் முதலில் மணலோ பாறையோ இல்லாத தனித் தொட்டியில் நான்கு வாரம் வைத்துக் கவனியுங்கள். வெண்புள்ளி நோய் முதன்மைத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், மீன்கள் எல்லாவற்றையும் வெளியேற்றிப் பதினொரு வாரம் காத்திருக்க வேண்டிவரும்.

நான்காம் மாதத்தில், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சில வாரங்கள் ஒரே நிலையில் நின்றபிறகு, காளான் பவளம், தோல் பவளம், கூட்டமாக வளரும் சிறு பூப்போன்ற சோவாந்திட் போன்ற மென்வகைகளில் ஒன்றிரண்டு துண்டுகளை, தொட்டியில் வளர்த்துப் பெருக்கியவர்களிடமிருந்து வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்பதற்கு எழுத்தில் சான்று தராதவரிடம் வாங்கவே வேண்டாம். கல்பவளங்களை, சட்டச் சிக்கல் ஒருபுறமிருக்க, கால்சியமும் காரத்தன்மையும் நாள்தோறும் சரிசெய்ய வேண்டியிருப்பதாலும் முதல் தொட்டியில் தவிர்ப்பதே நல்லது. ஒரு கடுமையான எச்சரிக்கை: சோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய கல்லைக் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் தேய்க்காதீர்கள், கொதிநீரில் போடவே போடாதீர்கள், அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பமே மருத்துவமனை சென்ற நிகழ்வுகள் உண்டு.

அதன்பின் வாரம் ஒருமுறை 12 லிட்டர் நீர் மாற்றினால் போதும், மென்பவளங்களுக்குத் தேவையான தாதுக்கள் அதிலேயே வந்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நன்னீர்ப் பீப்பாயை நிரப்பிவிட்டு, தீவனத்தை ஒரு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று மடித்துப் பக்கத்து வீட்டாரிடம் கொடுங்கள். தீவன டப்பாவை மட்டும் அவர்கள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.