10 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் அளவுகோல் பொருந்துமா?

கேள்வி: என் மகளுக்கு இந்த மாதம் 10 வயது நிறைந்தது. உயரம் 138 சென்டிமீட்டர், எடை 45 கிலோ. கைப்பேசிச் செயலியில் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 23.6 என்று வந்தது. 25-க்குக் கீழ் இருப்பதால் கவலையில்லை என்கிறார் கணவர். பெரிய மனுஷியானால் தானே இளைத்துவிடுவாள் என்கிறார் மாமியார். பின்கழுத்தில் உள்ள கருப்பு மட்டும் எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியும் போகவில்லை. நான் என்ன செய்வது?
- ஒரு தாய், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: சகோதரி, உங்கள் கணக்கு சரி, ஒப்பிட்ட அளவுகோல்தான் பெரியவர்களுடையது. பிள்ளைகளின் உடற்கொழுப்பு வளர வளர மாறிக்கொண்டே இருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்காக 2007-இல் வெளியிட்ட, ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனியே அமைந்த வளர்ச்சி வரைபடத்தில் வைத்தே அவர்களுடைய பிஎம்ஐயைப் பார்க்க வேண்டும். அதன்படி 10 வயதுப் பெண் பிள்ளைகளின் நடு அளவு 16.6, 19-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 22.6-ஐத் தாண்டினால் உடல் பருமன். உங்கள் மகள் இந்த இரண்டாவது எல்லையையும் கடந்துவிட்டாள். மலேசியாவில் 5 முதல் 17 வயதுடையோரில் 29.8 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உடையவர்கள் என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. ஆகையால் இதை உங்கள் வளர்ப்பின் குறையாக எண்ணி வருந்தாதீர்கள்.

எனக்கு அந்த எண்ணைவிடக் கழுத்துக் கருமையே முக்கியமாகப் படுகிறது. அது அழுக்கன்று, தயவுசெய்து இனிமேல் தேய்க்காதீர்கள். பருமனான பிள்ளைகளின் கழுத்திலும் அக்குளிலும் தோல் கருத்துத் தடித்திருந்தால், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமல், இரத்தத்தில் அதன் அளவு மிகுந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் பொருள். அதே பிஎம்ஐ உள்ள ஐரோப்பியப் பிள்ளைகளைவிட நம் வம்சாவளிப் பிள்ளைகளுக்கு உடற்கொழுப்பு பொதுவாகக் கூடுதல் என்பதால், தாத்தா பாட்டிக்கோ பெற்றோருக்கோ இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தால் காலம் தாழ்த்தவே கூடாது.

அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றைப் பரிசோதிக்கக் கேளுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியை, அதாவது 69 சென்டிமீட்டரை எட்டியிருந்தாலும், உறக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டாலும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஹார்மோன் குறையால் பருமனாகும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பார்கள். உங்கள் மகளின் உயரம் சராசரியாக இருப்பது ஓர் ஆறுதல்.

மாமியாரின் நம்பிக்கைக்கு மருத்துவம் துணை நிற்கவில்லை. பதின்ம வயதில் பருமனாக இருப்பவர்களில் பெரும்பாலோர் பிறகும் அவ்வாறே இருக்கிறார்கள். பருமனான பெண் பிள்ளைகள் சற்று முன்னதாகவே பூப்பெய்துவதும் உண்டு. அதற்காகப் பட்டினி போட வேண்டாம். வளரும் வயது என்பதால், எடை ஏறாமல் நின்றாலே உயரம் கூடும்போது பிஎம்ஐ தானாக இறங்கும். முதற்படியாகச் சிராப் பண்டோங் (ரோஜாப் பாகு கலந்த இனிப்புப் பால்), டின் பானங்களுக்குப் பதில் தண்ணீர் கொடுங்கள். அதையும் அவளுக்கு மட்டுமன்றி வீட்டில் எல்லாருக்குமே வழக்கமாக்குங்கள்.